அகமும் இல்லமும்: சனாதனனின் தோம்புச் சித்திரங்கள்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படாத அதனைப் புலப்படச் செய்தல் ஓவியனுக்கு வாய்த்த பணிகளுள் அரியதொன்றாகும். உள்ளத்து நிகழ்வது மெய்யில் தோன்றும் என்பது நம் முன்னோர் கொள்கை. தொல்காப்பியர் அத்தோற்றத்தை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, நகை முதலாக உவகை ஈறாக எட்டு வகைப்படுத்தினார். அவற்றுள் அழுகைக்கு இழிவு, இழப்பு, நிலைதளர்தல், வறுமை என நான்கு நிலைக்களன்களையும் வகுத்துரைத்தார். இந்நான்கும் ஒருங்கே ஒரு மக்கட்கூட்டத்தின்மேல் வந்து வீழ்ந்தபோது என்ன நிகழும்? அழுகை வெளிப்படாமலே போதலும் உண்டு. கண்ணீரும் சொல்லும் ஒருசேர வற்றிய நிலையில், மெய்ப்பாடு காட்டாத துயரை ஓவியன் எதனைக்கொண்டு வரைவான்? சமகால ஈழத்து ஓவியத்தின்முன் நிற்கும் வினா இது.

மேனாட்டார் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் முகத்தைக்கொண்டே விடை கூறினர். நோர்வே நாட்டு எட்வர்ட் மூங்க் 1893 இல் வரைந்த ‘அலறல்’ உலகறிந்தது. அதன்கண் மனத்தின் நடுக்கம் முகத்தையும் வானத்தையும் ஒருங்கே வளைத்துவிடுகின்றது. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1914 இல் தம் இளைய மகனைப் போர்க்களத்தில் இழந்தார். பல்லாண்டு கழித்து அவர் ஆக்கிய ‘போர்’ என்னும் மரச்செதுக்குப் படத்தொகுதியில், மகனை இழந்த பெற்றோர் முகம் புதைத்து ஒருவரையொருவர் தழுவி மண்டியிட்டிருக்கின்றனர். பெருந்துயருக்கு முகம் போதாது என்பதை அவ்வம்மையார் உணர்ந்திருந்தார் போலும். 1922 இல் மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன், மனநோயாளர் வரைந்த சித்திரங்களைத் தொகுத்து ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். பயிற்சி பெறாத கையின் கோடும் உள்ளத்தைத் திறக்க வல்லது என்பதை அறிஞருலகம் அதன்பின்னரே கருத்திற் கொள்ளலாயிற்று.

இவ்வழிகளோடு உறவுடையதாயினும் இவற்றின் வேறானதொரு நெறியை நம்மவர் ஒருவரின் படைப்பிற் காண்கின்றோம். 1969 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, டெல்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பித்தலை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் தா. சனாதனன் அவர்கள். 1981 இல் எரியூட்டப்பெற்றுப் பின் மீளக் கட்டப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004 இல் நிகழ்ந்த ‘அகம் புறம்’ காட்சியில், குடாநாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக்கொண்டு அமைந்த படைப்பில் அவருக்கும் பங்குண்டு. அழிந்தவற்றின் எச்சங்களே வரலாற்றுக்குச் சான்றாம் என்னும் எண்ணம் அதன்கண் முளைகொண்டது. 2011 இல் ‘றேக்கிங் லீவ்ஸ்’ வெளியீடாக வந்த ‘தி இன்கொம்பிளீற் தோம்பு’ என்னும் நூலில் அது முதிர்ச்சியுற்றது. அதனை ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனத் தமிழில் வழங்கலாம்.

தோம்பு என்பது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தையும் குடிகளையும் பதிந்துவைத்த ஏடுகள் காணித்தோம்பு, தலைத்தோம்பு எனப்பட்டன. யாவர் நிலம் யாது, எல்லை எது, இறை எவ்வளவு என்பனவற்றை அவை கூறும். அந்நிலத்தில் வாழ்ந்தோரின் நெஞ்சத்தை அவை கூறா. அரசாங்கக் கோப்பின் தோற்றத்தைத் தம் நூலுக்கு அளித்த சனாதனன், கோப்பு கூறாதுவிட்ட பகுதியையே அதன் உள்ளீடாக்கினார். இம்முரண்தான் நூலின் உயிர்நிலை.

நூலின் அமைப்பு எளியது. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த இல்லத்தின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைகின்றனர். அப்படம் கட்டடக்கலைஞரின் முறைப்படி அளவிட்ட வரைபடமாக மீள வரையப்படுகின்றது. மூன்றாவதாக, ஓவியர் உலர்வண்ணக்கோலால் தாம் வரைந்த சித்திரமொன்றை இணைக்கின்றார். ஓரில்லம் இவ்வாறு மும்முறை எழுப்பப்பெறுகின்றது. முதலில் நினைவாகவும், அடுத்து ஆவணமாகவும், இறுதியிற் கற்பனையாகவும் அது எழுகின்றது.

இவற்றுள் முதலாவதே நம் நெஞ்சை மிகுதியும் ஈர்ப்பது. காரணம் வெளிப்படை. ‘உன் துயரை வரைக’ என ஒருவரைக் கேட்டால் அவர் கை எழாது. ‘உன் வீட்டில் அடுக்களை எப்பக்கம்? கிணறு எங்கே?’ என வினவினால் கை தானே நகரும். 1990 ஒக்டோபரில் வடபுலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் ஒருவரும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்த தமிழர் ஒருவரும் இவ்வினாவின்முன் ஒத்த நிலையினராவர். நினைவின் அளவுகோல் அடியும் அங்குலமும் அன்று. அன்பு மிக்க இடம் படத்திற் பெரிதாகும். அச்சம் மிக்க இடம் கருமையுறும். மறக்க விரும்பிய அறை படத்தினின்றே விடுபடும். முற்றத்து மாமரம் வீட்டினும் உயர்ந்து நிற்றலும், பதுங்குகுழி பூசையறைக்கு ஒப்பான இடத்தைப் பெறுதலும் இவ்வகைப் படங்களுக்கு இயல்பு. ஆதலின் இப்படங்களைக் காண்போர் கோட்டின் பிழையைப் பிழையெனத் தள்ளாது, அதனையே பொருளாகக்கொண்டு வாசித்தல் வேண்டும்.

தமிழில் ‘அகம்’ என்னும் சொல் மனத்தையும் குறிக்கும், மனையையும் குறிக்கும். இது தற்செயலன்று. நம்மவர் மனத்துன்பத்தை மனத்துன்பமாகவே எடுத்துரைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், இங்குள்ளோரின் உளநோவு தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் பெருமூச்சாகவும் உடலின்வழியே வெளிப்படுதலை எடுத்துக்காட்டினார். போரின் வடு தனியொருவர் உள்ளத்தோடு அமையாது, குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே சிதைத்தலைக் ‘கூட்டு மனவடு’ என அவர் 2007 இலும் 2010 இலும் வெளிவந்த ஆய்வுகளில் விளக்கினார். மெய்ப்பாடு மெய்யில் தோன்றுவது போன்று, சனாதனனின் நூலில் அது மனையில் தோன்றுகின்றது. சங்கச் செய்யுளில் கருப்பொருளின் பின்னே தலைவியின் துயர் மறைந்துநிற்றலை உள்ளுறை என்போம். இங்குக் கதவும் கிணறும் வேலியுமே கருப்பொருள்கள். அவற்றின் உள்ளுறை இழப்பு.

இரண்டாவது படிவத்தைச் சிலர் வெறும் பிரதியென எண்ணக்கூடும். அஃது பொருந்தாது. நடுங்கிய கோடு நேர்கோடாகும்போது, பெருகிய முற்றம் உரிய அளவுக்குச் சுருங்குகின்றது. கருமையும் அழிப்பும் மறைகின்றன. ஒருவர் அழுதுரைத்த சொல்லை எழுத்தர் படிவத்தில் நிரப்பும்போது நிகழ்வதும் இதுவே. நிவாரணத்துக்கும் நட்டஈட்டுக்கும் எத்தனையோ படிவங்களை நிரப்பிய மக்கள் நாம். அப்படிவங்களில் எது எஞ்சியது, எது போயிற்று என்பதை இவ்விரு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தலால் ஓவியர் சொல்லாமற் சொல்லிவிடுகின்றார்.

மூன்றாவது தாளைப்பற்றி ஒரு கருத்து வேற்றுமை கூறுதல் தகும். முதற்றாளில் வரைந்தவரின் மௌனம் நிறைந்திருக்க, ஓவியர் அதன்மேல் தம் சித்திரத்தால் உரை எழுதுகின்றார். நல்லுரை மூலத்தை விளக்கும். சிலபோது மூலத்தின் மௌனத்தைக் குறைத்தலுங்கூடும். தேர்ந்த கையின் அழகு, தேராத கையின் உண்மைக்கு அருகில் வரும்போது, காண்போரின் கண் அழகின்பாற் செல்லுதல் இயல்பு. எனினும் இதனைக் குற்றமெனத் துணிதல் ஒல்லாது. அச்சித்திரம் இல்லையெனின், பிறர் துயரைத் திரட்டிய ஒருவர் தாம் மட்டும் மறைந்துநின்றார் என்னும் பழி எஞ்சியிருக்கும். கேட்டவர் தாமும் வரைந்து தம்மையும் சான்றாக நிறுத்துகின்றார். இவ்வகையில் மூன்றாந்தாள் அழகுக்காக அன்று, அறத்துக்காக நிற்பதாகும்.

‘இஃது கலையா, மருத்துவமா?’ என்றும் வினவப்படும். மருத்துவம் வரைந்தவரை நோக்கியது. அவர் நெஞ்சு இலேசானால் அதன் பணி முடிந்தது. கலை காண்பவரையும் நோக்கியது. காண்பவரின் நெஞ்சு கனத்தாலன்றி அதன் பணி தொடங்குவதில்லை. இந்நூல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆறுதல் தருவதாக அது வாக்களிக்கவில்லை. ‘முற்றுப்பெறாத’ என்னும் அடைமொழியின் நேர்மை அதுவேயாகும்.

இனி, இந்நூல் எழுப்பிய முறையை வன்னிப் பெருநிலத்தின்முன் நிறுத்திப் பார்த்தல் நம் கடன். தோம்பு என்னும் எண்ணம் ஒருவருக்கு ஒரு நிலம், ஓரில்லம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. குடாநாட்டின் பரம்பரைக் காணிக்கு அது பொருந்தும். பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற குடியேற்றக் கிராமத்தின் நிலை வேறு. காடு வெட்டிக் குடியேறியவனிடம் பெரும்பாலும் இருந்தது உறுதியன்று, அனுமதிப்பத்திரமே. 2008 இல் மேற்கு வன்னி மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, ஒரு குடும்பம் ஊர்தோறும் ஒரு கொட்டில் போட்டது; அதன் அருகில் ஒரு பதுங்குகுழி வெட்டியது; பின் அதனையும் விட்டகன்றது. 2009 மே மாதத்தின் பின்னர் வவுனியா மெனிக் பாம் முகாமின் தறப்பாளே கூரையாயிற்று. 2012 இல் அம்முகாம் மூடப்படுமுன்னும் பின்னுமாக மக்கள் ஊர் திரும்பினர். இவ்வாறு நடந்தவர் கையில் தாளையும் கோலையும் கொடுத்து ‘உன் இல்லத்தை வரைக’ என்றால், அவர் எவ்வில்லத்தை வரைவார்? முதலிற் கட்டிய மண்சுவர் வீட்டையா? பத்து நாள் மட்டும் வாழ்ந்த கொட்டிலையா? பிள்ளையை அணைத்துக் கிடந்த குழியையா? ஒரே தாளில் அத்தனையையும் ஒன்றன்மேலொன்றாக வரைதலும் கூடும். அத்தகைய படத்தை அளவிட்டு நேர்கோடாக்க எக்கட்டடக்கலைஞராலும் இயலாது. சனாதனனின் முறை வன்னிக்கு வரும்போது உடைந்துபோம் எனினும், அவ்வுடைவே அதன் அடுத்த கட்டமாகும் என்பது எம் துணிபு.

இத்தோம்பை நிறைவுசெய்தல் ஓர் ஓவியரால் ஆகும் பணியன்று. வன்னிப் பாடசாலைகளில் சித்திரம் பயிலும் மாணவர், பூச்சாடியையும் உதயசூரியனையும் வரைந்த கையால் தம் பாட்டனார் இழந்த வளவினையும் கேட்டு வரைவாராயின், அதன்வழி ஒரு தலைமுறையின் சொல்லாத நெஞ்சம் மறுதலைமுறைக்குக் கேட்கும். கேட்பவர் இருக்கின்றார் என்னும் அறிவே அடங்கிக்கிடக்கும் துயருக்கு வாயில் திறக்கும். நற்கலை அவ்வாயிலருகே பொறுமையோடு காத்திருப்பது. சனாதனனின் சித்திரங்கள் நமக்குக் கற்பிப்பது அப்பொறுமையையே.