பாங்க்ரா எவ்வளவு பழசு?

போன மாதம் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழா. வழக்கம்போல கடைசி அயிட்டம் பாங்க்ரா. பளபளக்கும் லுங்கி, விசிறி வைத்த தலைப்பாகை, மேலே கைகளைத் தூக்கித் தோளைக் குலுக்கும் பன்னிரண்டு பேர். ஆரம்பிக்கும் முன் தொகுப்பாளினி ஒரு அட்டையைப் பார்த்து வாசித்தார்: "ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பஞ்சாப் விவசாயிகள் அறுவடையின்போது ஆடிவரும் நடனம்."

எனக்குப் பக்கத்தில் டெஸ்டிங் டீமில் வேலை செய்யும் லூதியானா நண்பர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா இருந்த ஊர்ல யாரும் இதை ஆடினதே இல்லையாம். அவரே இதை முதல்ல சினிமாவுலதான் பார்த்தாராம்."

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அந்த அட்டையில் இருந்த அதே வரியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். எங்கே படித்தேன், யார் சொன்னது என்று அப்போது யோசிக்கவே இல்லை. இந்தக் கட்டுரையை என் தரப்புத் திருத்தமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வரைபடம். பஞ்சாப் என்பது ஒரே துண்டு அல்ல. ராவிக்கும் பியாஸுக்கும் நடுவில் மாஜா, பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவில் தோஆபா, சட்லெஜுக்குத் தெற்கே மால்வா. மேற்கே போனால் 'பார்' என்று சொல்லப்படும் மேட்டுநிலங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஆட்டம் இருந்தது. 1947க்கு முன் பாங்க்ரா என்ற பெயரில் கிராமத்து ஆண்கள் ஆடியது பெரும்பாலும் சியால்கோட், குஜ்ரான்வாலா, குஜ்ராத், குர்தாஸ்பூர் மாவட்டங்களை ஒட்டிய வட்டாரத்தில்தான். (இந்த குஜ்ராத் பாகிஸ்தானில் இருக்கும் ஊர், நம்ம குஜராத் மாநிலம் இல்லை.) மேற்குப் பார் பகுதியில் நிதானமாக அசைந்து ஆடும் ஜூம்மர். பெண்களுக்கு கித்தா, சம்மி. மால்வாவில் ஆண்கள் 'போலி' என்ற குறும்பாட்டுகளைச் சொல்லி ஆடும் வழக்கம் இருந்தது, ஆனால் பாங்க்ரா அவர்கள் ஊர்ச் சரக்கு இல்லை. லூதியானா மால்வாவில் இருக்கிறது. ஆக, நண்பரின் தாத்தா சொன்னது சரிதான்.

அந்தக் கிராமத்துப் பாங்க்ரா எப்படி இருந்தது? வைசாக மாதம், கோதுமை முற்றி நிற்கும் சமயம். திறந்தவெளியில் டோல் அடிப்பவர் நடுவில் நிற்பார். அவரைச் சுற்றி ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். வருகிறவர் வட்டத்தில் சேரலாம், களைத்தவர் விலகலாம். அவ்வப்போது ஒருவர் டோலை நிறுத்தச்சொல்லி ஒரு போலி சொல்வார், முடிந்ததும் மறுபடி அடி விழும். இதற்குப் பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. அறுவடையோடு தொடர்பு இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் எல்லாப் பஞ்சாபிகளும் ஆடியது என்பதும், இன்று மேடையில் பார்ப்பது அதே ஆட்டம்தான் என்பதும் வேறு விஷயம்.

பிறகு 1947. சியால்கோட், குஜ்ரான்வாலா, குஜ்ராத் மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. பாங்க்ராவின் சொந்த மண்ணில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வெளியே போய்விட்டது. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது டோல்காரர்களின் கதை. டோல் அடிப்பது குலத்தொழில். மிராசிகள், பராயிகள் போன்ற முஸ்லிம் சமூகத்தினர் பலர் மேற்கே போனார்கள். மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்களில் பாஜிகர் சமூகத்தினர் இருந்தார்கள். பாஜி என்றால் வித்தை. ஊர் ஊராகப் போய்க் குட்டிக்கரணம் அடித்து, கயிற்றில் நடந்து காட்டியவர்கள். நம்ம ஊர் கழைக்கூத்தாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று இந்தியப் பஞ்சாபில் இவர்கள் பட்டியல் சாதியினர். பிரிவினைக்குப் பிறகு இங்கே டோலைத் தூக்கி நிறுத்தியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது கதை சுனாம் என்ற சின்ன ஊருக்கு வருகிறது. பாட்டியாலாவையும் பக்கத்து சமஸ்தானங்களையும் இணைத்து 1948ல் பெப்சு என்றொரு மாநிலம் உருவானது. 1956ல் பஞ்சாபோடு சேர்க்கப்பட்டது. சுனாம் அந்த பெப்சுவுக்குள், மால்வாவில் இருக்கிறது. அதாவது பாங்க்ராவுக்குச் சம்பந்தமில்லாத மண். அங்கே மனோகர் தீபக், அவதார் தீபக் என்ற சகோதரர்கள் ஒரு ஆட்டக்குழு நடத்தினார்கள். அவர்களுக்கு டோல் அடித்தவர் பானா ராம். மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதியாக வந்த பாஜிகர். 1950களில் பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது, பிறகு டெல்லியில் குடியரசு தின விழா மேடை கிடைத்தது. புதிய குடியரசுக்கு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு 'நாட்டுப்புற நடனம்' தேவைப்பட்ட நேரம் அது. பஞ்சாபின் பெயரில் போய் நின்றது இந்தக் குழு உருவாக்கிய பாங்க்ரா.

உருவாக்கிய என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இன்று மேடையில் ஒரு பாங்க்ராவைப் பார்த்தால் அதில் பாங்க்ரா மட்டும் இருக்காது. லுட்டி இருக்கும், ஜூம்மர் இருக்கும், சூஃபி தர்காக்களோடு தொடர்புள்ள தமால் இருக்கும், சம்மியின் அசைவுகள்கூட எட்டிப்பார்க்கும். வெவ்வேறு ஊர்களின் ஆட்டங்களைச் சில நிமிடங்களுக்குள் கோர்த்த மாலை அது. தோள்மேல் ஏறி நிற்பது, கோபுரம் கட்டுவது போன்ற வித்தைகளைப் பார்க்கும்போது பாஜிகர்களின் பழைய தொழில் எனக்கு ஞாபகம் வருகிறது. இந்த இடத்தில் கிப் ஷ்ரெஃப்லர் என்ற இசை ஆய்வாளரைச் சொல்லவேண்டும். சண்டிகர் பக்கம் கரீப் தாஸ் என்ற பாஜிகர் உஸ்தாதிடம் டோல் கற்றவர். டோல்காரர்களின் பார்வையிலிருந்தே 2021ல் ஒரு புத்தகமும் எழுதினார். இந்த வரலாறு என் கண்ணில் பட்டது அவர் எழுத்தின் வழியாகத்தான்.

சரி, பழையதை மேடைக்கு ஏற்றமாதிரி மாற்றினால் என்ன தப்பு? தப்பே இல்லை. என் விமர்சனம் வேறு இடத்தில்.

மேடைக்கு ஒரே ஒரு முகம்தான். பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். வட்டமாக ஆடினால் பாதிப் பேரின் முதுகுதான் தெரியும். அதனால் வட்டம் திறந்து வரிசையானது. வரிசையானதும் நடுவில் நின்ற டோல்காரர் என்ன ஆனார்? ஓரத்துக்குப் போனார். இது வெறும் இட மாற்றம் இல்லை. பாங்க்ராவில் டோல் பின்னணி வாத்தியம் கிடையாது. இடது கைப்பக்கம் கனமான வளைந்த குச்சி, 'டக்கா'. வலப்பக்கம் மெல்லிய மூங்கில் குச்சி, 'தில்லி'. டக்கா தரையை உலுக்கும், தில்லி காலை நகர்த்தும். லுட்டிக்கு ஒரு அடி, ஜூம்மருக்கு ஒரு அடி, தமாலுக்கு ஒரு அடி. டோல்காரர் அடியை மாற்றினால்தான் ஆட்டம் மாறும். எங்கள் பாஷையில் சொல்வதென்றால் மெயின் புரோகிராமே அவர்தான், மற்றவர்கள் அவர் கூப்பிட்டால் ஓடும் ஃபங்ஷன்கள். அந்த மெயினைத்தான் ஓரத்தில் நிறுத்தினோம். சர்ட்டிஃபிகேட்டிலும் ஓரத்தில்.

சினிமா இதை இன்னொரு படி கொண்டுபோனது. 1957ல் வந்த 'நயா தௌர்' படத்தில் திலீப் குமாரும் அஜித்தும் ஆடும் பாங்க்ராப் பாட்டை யூட்யூபில் ஒரு தடவை பாருங்கள். ஓ.பி. நய்யார் இசை, சாஹிர் லூதியான்வி வரிகள், ரஃபியும் பல்பீரும் குரல். சந்தேகமில்லாமல் அருமையான பாட்டு. இன்றைக்கும் வட இந்தியக் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் இதை வாசிக்காமல் விடமாட்டார்கள். ஆனால் பாட்டு யாரைப் பற்றி? பஞ்சாபைப் பற்றி இல்லை. மொத்த தேசத்தின் வீரமான இளைஞர்களைப் பற்றி. சியால்கோட் பக்கத்து ஆட்டம், பிரிவினைக்குப் பத்தே வருடத்தில், இந்திய ஆண்மையின் பொது அடையாளமாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஊர்களைப் பற்றிய ஒரு நிழல்கூடப் பாட்டில் விழவில்லை. அகதிகள் கொண்டுவந்த ஆட்டத்தில் அகதியின் துக்கத்துக்கு இடமில்லை. சந்தோஷம் கட்டாயமாகிவிட்டது. மேடைப் பாங்க்ராவில் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான்: அதற்குச் சிரிக்க மட்டுமே தெரியும். கிராமத்துப் போலிகளில் கேலி உண்டு, ஏக்கம் உண்டு, மாமியாரைத் திட்டுவது உண்டு. ஜூம்மரின் நிதானத்தில் ஒரு சோகம்கூட உண்டு. சில நிமிடங்களுக்குள் கைதட்டல் வாங்கவேண்டிய அவசரத்தில் இதெல்லாம் கழிந்துபோனது.

அப்புறம் அந்தப் பெயர் கடல் தாண்டியது. 1980களில் சவுத்தால், பர்மிங்காமில் பஞ்சாபிப் பிள்ளைகள் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துப் பாடிய பாட்டுகளுக்கும் பாங்க்ரா என்றே பெயர் வந்தது. 2002-03 வாக்கில் பஞ்சாபி எம்சியின் ஒரு பாட்டு உலகம் முழுக்க ஓடியபோது, பலர் முதன்முதலில் கேட்ட 'பாங்க்ரா' ஒற்றைக்கம்பித் தும்பியின் சத்தம்தான். அந்தத் தும்பியைப் பிரபலமாக்கியவர் யம்லா ஜட். அவர் பாடகர், ஆட்டத்துக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆக ஒரே சொல், மூன்று பொருள்: கிராமத்து ஆட்டம், மேடை ஆட்டம், பிரிட்டன் பாப் இசை. மூன்றையும் ஒன்றாக்கித்தான் 'ஆயிரக்கணக்கான ஆண்டுகள்' என்று அட்டையில் எழுதிவிடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ பாங்க்ரா போலியா சார்?" என்று யாராவது கேட்கலாம். இல்லவே இல்லை. பழசு என்றால்தான் அசல் என்ற நினைப்பே இந்தச் சிக்கலுக்கு வேர். ஊர் போய், வீடு போய் வந்தவர்கள், தங்கள் கையில் மிஞ்சிய தாளங்களை வைத்து, வேறொரு மண்ணில், முன்பின் தெரியாத இளைஞர்களோடு சேர்ந்து ஒரு புதிய கலையைக் கட்டினார்கள். இது ஆயிரம் வருடக் கதையைவிடப் பெரிய கதை இல்லையா? ஆனால் 'தொன்மையானது' என்று சொன்ன அடுத்த நொடி, கட்டியவர்கள் காணாமல் போகிறார்கள். தொன்மையான கலைக்கு ஆசிரியர் தேவையில்லையே! பானா ராம் பெயரை யாரும் வேண்டுமென்றே அழிக்கவில்லை. 'நாட்டுப்புறம்' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆபீஸ் விழாவுக்கு வருவோம். வீட்டுக்கு வந்து செல்போன் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அன்றைக்கு மேடையில் டோலே இல்லை. சத்தம் முழுக்க பென் டிரைவிலிருந்து. ஓரத்தில் நின்றவரும் போய்விட்டார். ஆடியவர்களைக் குறை சொல்லவில்லை. வேலைக்கு நடுவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கான்ஃபரன்ஸ் ரூமில் ஒத்திகை பார்த்த பசங்க, நன்றாகவே ஆடினார்கள்.

அடுத்த வருடம் அந்த அட்டையை எழுத என்னைக் கூப்பிட்டால் இப்படி எழுதிக்கொடுப்பேன்: "இந்த ஆட்டத்தின் வேர் இன்று பாகிஸ்தானில் இருக்கும் கிராமங்களில். நாம் பார்க்கப்போகும் வடிவம் 1950களில் சுனாமில் உருவானது. அதற்கு டோல் அடித்தவர் பெயர் பானா ராம்."

வாசிக்க இருபது வினாடிகூட ஆகாது.