கைத்தூண்டிலின் இலேசு

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் சிறு தோணியோடு போகிறவருக்கு மிக இலேசான மீன்பிடிக் கருவி எது என்று கேட்டால், கைத்தூண்டில் என்பதே என் பதில். ஒரு சுற்றுத் தங்கூசி, ஓர் ஈயக்குண்டு, சில தூண்டில் முட்கள். எல்லாம் சட்டைப்பையில் அடங்கும். கோல் தேவைப்படும் இடம் வேறு. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் 1880களில் ஆங்கிலேயர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்க அவர்கள் கையாண்டது இறகால் கட்டிய பொய்ப்பூச்சித் தூண்டில். பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த நூலின் எடைதான் அதைத் தூரம் கொண்டுபோகிறது. அந்த நூலை வீசத்தான் நீண்ட கோல். ஆழமற்ற ஓடைக்கு அது அழகான தீர்வு. இயற்கைத் துறைமுகம் என்று உலகமே அறிந்த இந்தத் திருகோணமலை நீரோ கரைக்கு அருகிலேயே ஆழமாகிவிடுகிறது. விளைமீனும் கலவாயும் அடிப்பாறையை ஒட்டி நிற்பவை. இங்கே நேரே இறக்கினால் போதும், அதை ஈயம் செய்துவிடும்.

கோல் வளைந்து மீனின் இழுப்பைத் தாங்கும், வெறுங்கை தாங்காது என்பார்கள். நியாயமான மறுப்புத்தான், பெரிய பாரை ஓடினால் நூல் விரலை அறுத்துவிடும். ஆனால் தேர்ந்த கை விட்டுக்கொடுக்கத் தெரிந்தது: இழுக்கும்போது நூலை ஓடவிட்டு, தளரும்போது சுருட்டும். மீன் இரையைக் கொத்திப் பார்க்கிறதா, கவ்விவிட்டதா என்பது நடுவே கோல் இல்லாமல் சுட்டுவிரலுக்கே வந்து சேர்கிறது. இத்தனை நுட்பமான கருவியை ஏழையின் கருவி என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது. குறை ஒன்று உண்டு. தங்கூசி எளிதில் மட்காது. ஆமைகளின் துடுப்பைச் சுற்றி இறுக்கும். அறுந்த நூலைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.