சந்திரவல்லிக் காசும் காலக் கணிப்பும்

மைசூர் நாட்டுச் சந்திரவல்லியில் 1929-ஐ ஒட்டி எம். எச். கிருஷ்ணா நடத்திய அகழாய்வில் சீனக் காசு ஒன்று கிடைத்தது. அதனைக் கி.மு. 138 அளவினதெனக் கொண்டு, அன்றே தென்னாட்டுக்குச் சீனத்தோடு வாணிபம் இருந்தது என வரலாற்று நூல்கள் சில எழுதின. பின்வந்த அறிஞர் இக்கணிப்பை ஐயுற்றனர். ஐயம் தகுதியுடையதே.

ஹான் மரபினர் காசில் ஆண்டும் இல்லை. அரசன் பெயரும் இல்லை. கி.மு. 118-இல் தோன்றிய 'ஊ சூ' காசு 'ஐந்து சூ' என்று தன் எடையை மட்டுமே கூறும். அவ்வகைக் காசு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. விளிம்பையும் எழுத்தின் வளைவையும் ஒப்பிட்டே காலத்தை நெருங்கலாம். தேய்ந்த காசொன்றைக் குறித்த ஓராண்டில் நிறுத்துவது துணிச்சலேயன்றி ஆராய்ச்சியன்று.

எழுத்துத் தெளிவாக இருப்பினும் இடர் தீர்ந்தபாடில்லை. தாங் மரபினர் 621-இல் வெளியிட்ட 'கை யுவான்' காசைப் பலர் 713-க்குத் தள்ளிவிடுவர். அவ்வாண்டில் தொடங்கிய ஆட்சிப்பட்டத்துக்கும் அதே பெயர் வாய்த்ததே காரணம். சோங் மரபின் 'யுவான் பெங்' பட்டம் 1078 முதல் 1085 வரை நின்றது. அதே எழுத்துப் பொறித்த காசை ஜப்பானியர் 1659 தொடங்கி நாகசாகியில் ஏற்றுமதிக்கென வார்த்தனர். அறுநூறாண்டு வேறுபாடு! படிக்கத் தெரிந்தவரும் ஏமாறுவர்.

மேலும், சீனக் காசு எளிதில் ஓய்வதில்லை. 1323-இல் கொரியக் கரையருகே மூழ்கிய சினான் கப்பலில் ஏறத்தாழ 28 டன் காசுகள் இருந்தன. நூற்றாண்டுகள் பல முந்தியவையும் அவற்றுள் கலந்திருந்தன. ஆதலின் காசு, தான் கிடந்த மண்ணடுக்கு 'இதற்கு முந்தியதன்று' என்று மட்டுமே சான்று பகரும். எவ்வளவு பிந்தியது என்பதை உடன்கிடைத்த பானையோடும் மண்ணடுக்குமே சொல்லவேண்டும்.

கெடா மாநிலத்தார்க்கு இது அயற்கதையன்று. பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களிலும், அலஸ்டர் லாம் 1959-ஐ ஒட்டியும் அகழ்ந்தனர். பெங்காலான் பூஜாங்கின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவியவை சீனப் பீங்கான் உடைசல்களே. இன்று உலோகங்காணும் கருவியோடு தோட்டத்து மண்ணைத் துழாவுவோர் காசை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டை எறிந்துவிடுகின்றனர். சிலர் புளியிட்டுத் துலக்கி எழுத்தையும் அழித்துவிடுகின்றனர். தொன்மைப்பொருள் எனத் தோன்றுவதைக் கண்டவர் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ அறிவித்தல் வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம். அறிவிக்கும்போது கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த பொருள் ஆகியவற்றையும் குறித்துக் கொடுத்தால், ஆய்வாளர்க்குக் காசைவிட அக்குறிப்பே மிகுதியும் பயன்படும்.