மூச்சடக்கும் அடுப்பில் பெல்லட் புகை

முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்பை வாங்கும் கொல்கத்தா அலிப்பூர்வாசி அடுத்ததாக வாங்க ஆசைப்படுவது ஒரு பை பெல்லட்டும் துளையிட்ட எஃகுக் குழாயும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளைக் குழாயில் நிரப்பி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, இறைச்சிக்கோ மீனுக்கோ பக்கத்தில் கிடத்திவிட்டால் மணிக்கணக்கில் ஒரே சீராகப் புகை வரும் என்று சொல்லி விற்கிறார்கள். திறந்த வெளியில் அது பொய்யில்லை. அடுப்பின் மூடியை இறக்கிய பிறகுதான் சிக்கல். குழாய் சற்று நேரத்தில் அணைந்துபோகும். அணையாவிட்டால் தடித்த வெள்ளைப் புகையைக் கக்கி மீனில் கசப்பை ஏற்றும். பெல்லட் மட்டம் என்று வேறு நிறுவனத்துச் சரக்கைத் தேடுவது வழக்கம். பெல்லட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுப்பும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. காற்று விஷயத்தில் இவை இரண்டும் ஒத்துப்போகாதவை.

பெல்லட், வீட்டைச் சூடாக்க அமெரிக்காவில் பரவிய எரிபொருள். ஆரிகன் மாநிலத்து ஜோ டிரேகர் அதைச் சமையலுக்குக் கொண்டுவந்து 1986-ல் காப்புரிமை பெற்றார். அவருடைய அடுப்பில் திருகு ஒன்று குச்சிகளைச் சிறிது சிறிதாகத் தள்ளும், விசிறி காற்று ஊதும். பெல்லட்டின் சீர்மை என்று நாம் புகழ்வதில் பாதி அந்த விசிறியின் வேலை. பீங்கான் அடுப்பின் பிறவியோ நேர் எதிரானது. ஜப்பானின் கமாடோ அடுப்பை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் அதை விற்கத் தொடங்கி, பின்னர் ‘பிக் கிரீன் எக்’ என்று பெயர் பெறச் செய்தார். அதன் தடித்த சுவர் வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே 110 பாகை செல்சியஸில் நாள் முழுக்க நிற்க ஒரு கைப்பிடித் தணல் போதும். அதற்காகக் காற்றுத் துவாரங்களை விரலளவு விட்டு மற்றதை மூடிவிடுகிறோம். கரியை மிச்சப்படுத்தும் அந்தக் குணமே பெல்லட் குழாயின் மூச்சைப் பிடிக்கிறது. உள்ளே வரும் சொற்பக் காற்றைத் தணல் முதலில் தின்றுவிடுகிறது. குழாய்க்கு எஞ்சுவது எரிந்த வாயு.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. காற்று குறைவாக இருப்பதுதானே பிரச்சினை, காற்றையே அறவே இல்லாமல் செய்துவிடலாம். சின்ன வார்ப்பிரும்புப் பானையின் அடியில் இரண்டு மூன்று துளை போட்டு, பெல்லட்டை நிரப்பி, மூடியை இறுக்கித் தணல்மேல் வைக்கிறார்கள். உள்ளே மரம் எரியாது, வெந்து கரியாகும். லிக்னின் சிதைந்து குவையகால், சிரிங்கால் முதலிய மணப்பொருள்கள் பிறக்கும்; செல்லுலோஸ் தரும் கார்பனைல்கள் மீனின் புரதத்தோடு சேர்ந்து பொன்னிறம் தரும். வாயு கீழ்த்துளை வழியாகத் தணலைக் கடந்துதான் வெளிவர வேண்டும் என்பதால் தாரில் ஒரு பகுதி அங்கேயே எரிந்துவிடுகிறது. புகை மெல்லிய நீலமாக வருகிறது. கேட்ட சீர்மை கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் இந்தப் பானைக்குள் பெல்லட் எதற்கு? சூட்டில் அது உதிர்ந்து தூளாகி, இருப்பதையெல்லாம் சீக்கிரம் கொடுத்துவிடும். கைம்முட்டி அளவு விறகுத்துண்டு வெளியிலிருந்து உள்நோக்கி நிதானமாக வேகும்.

விறகுக்கு அலிப்பூர்வாசி தூரம் போக வேண்டியதில்லை. அலிப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலேயே, கொய்யாவுக்கும் லிச்சிக்கும் பேர்போன பாரூய்பூர் இருக்கிறது. கவாத்து செய்த கொய்யாக் கிளை கனமான, நிதானமாக எரியும் விறகு. அதை விட்டுவிட்டு ஹிக்கரி, மெஸ்கீட் என்று கடல்கடந்த பெயர்களுக்குப் பணம் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. உள்நாட்டில் மலிவாகக் கிடைக்கும் பெல்லட் பக்கமோ போகவே கூடாது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு உயிர்ப்பொருள் பெல்லட்டுகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்ற 2021-ம் ஆண்டு அரசுக் கொள்கைக்குப் பின் கொதிகலனுக்கான சரக்குக்கு நல்ல கிராக்கி. அதில் கடலைத் தோலும் வயற்கழிவும் இருக்கலாம், பூச்சு அடித்த பலகையின் தூளும் இருக்கலாம். உணவுக்குப் புகையூட்ட அது செய்யப்பட்டதல்ல.

பருவநிலையும் பெல்லட்டுக்கு எதிரி. அலிப்பூர் வானிலை அலுவலகம் ஜூலை, ஆகஸ்டில் நாள்தோறும் சொல்லும் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். பத்து விழுக்காட்டுக்கும் குறைந்த ஈரத்தோடு அழுத்தப்பட்ட குச்சி, பையைத் திறந்து வைத்தால் அந்தக் காற்றைக் குடித்து உப்பித் தவிடாகும். விறகுக்கட்டை நனைந்தாலும் காய்ந்து மீளும்.

அதைவிட அடிப்படையான கேள்வி, மணிக்கணக்கில் புகை வேண்டுமா என்பது. ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும்; காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு பிடிப்பது குறைவு. கொல்கத்தா இதை எப்போதோ அறிந்திருக்கிறது. இங்குள்ள பழைய கிளப்புகளின் புகையூட்டிய இலிஷ் மீனுக்குத் தணலில் தவிடு, பொரி, வெல்லம் தூவி மூடிவிடுவார்கள். புகை ஒரேயடியாக எழுந்து அடங்கும். மீனுக்கு அது போதும். அது சீரான புகையில்லை. நேரம் பார்த்து ஊட்டிய புகை. கூடுதல் புகையில் கேடும் கூடும்: அதிலுள்ள பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது, ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. கண்ணாடியடைத்த பால்கனியில் அடுப்பு மூட்டுபவருக்கு அதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு பற்றிய கவலை வர வேண்டும்.

பெல்லட் குழாய் உண்மையில் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கரியே மூட்டாமல், எல்லாத் துவாரங்களையும் முழுக்கத் திறந்துவிட்டு, பீங்கான் அடுப்பை வெறும் புகைப்பெட்டியாக வைத்துக்கொள்ளும் குளிர்புகை முறை. போட்டிக்குத் தணல் இல்லை, காற்றுக்குத் தடை இல்லை. நியூ மார்க்கெட்டில் விற்கும் உப்புக்கரித்த வட்டமான பண்டேல் பாலாடைக்கட்டியில் புகையூட்டாத வெள்ளை வகையை வாங்கி இதில் வைத்தால் உருகாது, மணம் ஏறும். இதற்கு விறகுக்கட்டை ஆகாது. பெல்லட்டின் பொடிக்கனல்தான் சரி.

குளிர்புகைக்குக் குளிர் இரவே ஏற்றது என்பார்கள். கொல்கத்தாவில் அது சரிப்படாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் நின்று, ஊரின் புகையையெல்லாம் ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. புகைத்தொல்லைக்கென்றே 1863-லும் 1905-லும் தனிச் சட்டம் கண்ட நகரம் இது. ஜனவரிப் பிற்பகலின் வெப்பம் சராசரியாக 26 பாகைக்குள்தான். பாலாடைக்கட்டிக்கு அது ஒன்றும் சூடில்லை. அடுப்பை நிழலில் தள்ளி, மூன்று மணிக்குக் குழாயைப் பற்றவைத்து, இருட்டுவதற்குள் அணைத்துவிடலாம்.