கடன் வாங்கிய ஹீரோ, நான்கே வார கால்ஷீட்

1935 பிப்ரவரி 27 அன்று ஆஸ்கர் விழா நடந்துகொண்டிருந்தபோது நடிகை கிளாடெட் கோல்பேர் ரயில் ஏறப் போயிருந்தார். பெட் டேவிஸ்தான் ஜெயிப்பார் என்று அவரே நினைத்திருந்தார். ஆள் அனுப்பி, பயண உடையிலேயே அழைத்து வந்து சிலையைக் கையில் கொடுத்தார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முக்கிய விருதுகளையும் அன்று அவர் நடித்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன் எந்தப் படமும் இதைச் செய்ததில்லை. அடுத்து செய்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' வந்தது 1975-ல்.

ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்தால் ஒருதலைப்பட்சமான ஆட்டம். ஆனால் களத்தில் இறங்கிய அணியோ ஒட்டுப்போட்ட அணி. கொலம்பியா அப்போது ஹாலிவுட்டின் ஏழை ஸ்டூடியோக்களில் ஒன்று. படத்தின் மொத்தச் செலவு சுமார் 3,25,000 டாலர். ராபர்ட் மான்ட்கோமரி, மிர்னா லாய் என்று கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். எம்.ஜி.எம். கடனாக அனுப்பிய கிளார்க் கேபிள் வேண்டாவெறுப்பாக வந்தார். கோல்பேருக்கோ இயக்குநர் ஃபிராங்க் காப்ராவோடு பழைய கணக்கு இருந்தது. 1927-ல் காப்ரா எடுத்த மௌனப் படத்தில்தான் அவர் திரைக்கு வந்தார். அது மண்ணைக் கவ்வியது. இந்த முறை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 50,000 டாலர் சம்பளம்; நான்கு வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு முன் தன்னை விட்டுவிட வேண்டும் என்று கறாராகப் பேசித்தான் ஒப்புக்கொண்டார்.

இந்த அவசரம்தான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். பேசும் படம் வந்து ஆறேழு வருடமே ஆகியிருந்த காலம் அது. பல படங்களில் நடிகர்கள் ஒரு வசனம் பேசிவிட்டு அடுத்தவருக்காகக் காத்து நிற்பார்கள். இங்கே அந்த இடைவெளியே கிடையாது. பணக்கார அப்பாவின் படகிலிருந்து குதித்துத் தப்பிய எல்லியும், வேலை பறிபோன பத்திரிகைக்காரன் பீட்டரும் மயாமியிலிருந்து நியூயார்க் போகும் பஸ்ஸில் சண்டையோடுதான் அறிமுகமாகிறார்கள். ராபர்ட் ரிஸ்கின் எழுதிய வசனத்தை ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் பிடித்துக்கொள்கிறார். மாடமாளிகை செட்டுக்கெல்லாம் காசு இல்லாததால் பஸ் சீட், சாலையோர விடுதி அறை, வைக்கோல் போர் இவைதான் பெரும்பாலும் களம். கண் வேறெங்கும் போக வழியில்லை. இரண்டு முகங்களைத்தான் பார்த்தாக வேண்டும்.

வழக்கமாகப் பாராட்டு கேபிளுக்குப் போகும். கேரட்டைக் கடித்தபடி, கட்டைவிரலைக் காட்டி வண்டியை நிறுத்துவது எப்படி என்று அவர் பாடம் எடுக்கும் காட்சியைச் சொல்லாதவர் இல்லை. ஒவ்வொரு வண்டியும் நிற்காமல் பறக்கிறது. நீங்கள் வேலிமேல் உட்கார்ந்திருக்கும் கோல்பேரைப் பாருங்கள். கிண்டலாகச் சிரித்துத் தீர்த்துவிடாமல், கடைசி வண்டி போகும்வரை பொறுமையாக விட்டுக்கொடுக்கிறார். பிறகு இறங்கி வந்து பாவாடையைக் கொஞ்சம் தூக்குகிறார். கார் கிறீச்சென்று நிற்கிறது. காலைக் காட்ட முதலில் அவர் மறுத்தாராம். காப்ரா வேறொரு பெண்ணை டூப்பாகக் கொண்டுவந்து நிறுத்தியதும், 'அது என் கால் இல்லை' என்று ரோஷப்பட்டுத் தானே நடித்தார் என்பது காப்ரா சொல்லிவந்த கதை.

என் கணக்கில் ஆட்டம் திரும்பும் இடம் அதற்கும் முன்னால். விடுதி அறைக்கு அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் வருகிறார்கள். பீட்டர் அவள் தலைமுடியைக் கலைத்து முகத்தில் விழவிட்டு, புருஷன் மாதிரி கத்த ஆரம்பிக்கிறான். ஒத்திகை இல்லை, ஜாடை இல்லை. எல்லி சட்டென்று குரலை மாற்றி, அழுதுகொண்டே பதிலுக்குக் கத்துகிறாள். அதுவரை எதிரெதிர் அணி. அந்த நிமிடம் முதல் ஒரே அணி. வந்தவர்கள் போனதும் கேபிள் முகத்தில் தெரிவது ஆசை அல்ல, மரியாதை. இந்தப் பெண் ஆடத் தெரிந்தவள் என்கிற பார்வை அது. காதல் அங்கேதான் தொடங்குகிறது; போர்வையைக் குறுக்கே கட்டித் தூங்கும் ராத்திரிகளில் அல்ல.

1956-ல் ஏவி.எம். இதே கதையை இந்தியில் 'சோரி சோரி'யாக எடுத்தது. ராஜ்கபூர்–நர்கிஸ் ஜோடி, பாட்டெல்லாம் தேன். ஆனால் பாட்டு வரும்போதெல்லாம் இந்தக் கத்துச்சண்டை ஆறிப்போய்விடுகிறது. எனக்கு அது குறைதான்; பாட்டுக்காகவே பார்ப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கேபிளைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய சிறந்த ஆட்டம் கோல்பேர் இல்லாத ஒரு காட்சியில் இருக்கிறது. மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்த அப்பா, அந்தப் பணத்துக்குத்தான் இவன் வந்திருக்கிறான் என்று நினைக்கிறார். பீட்டர் நீட்டுவதோ செலவுச் சீட்டு. வழியில் பெட்ரோலுக்காக விற்ற மேல்கோட்டு, தொப்பி, சூட்கேஸ் எல்லாம் சேர்த்து 39 டாலர் 60 சென்ட். அதற்கு மேல் ஒரு காசு வேண்டாம், ஒரு காசு குறையவும் கூடாது என்று நிற்கிறான். மகளை நேசிக்கிறாயா என்று பெரியவர் விடாமல் கேட்கக் கேட்க, கேபிள் ஏதேதோ சொல்லி மழுப்பி, கடைசியில் ஆத்திரத்தோடு 'ஆமாம்' என்று கத்துகிறார். கடன் பாக்கியை ஒத்துக்கொள்கிறவனின் எரிச்சல் அந்தக் குரலில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அன்றே அந்த அப்பா, வேறொருவனோடு நடக்கவிருந்த கல்யாண மேடைக்கு மகளை அழைத்துப் போகும்போதே, ஓடிப்போகச் சொல்லிக் காதில் ஓதுகிறார்.