ரீசெட் ஏறும் கணம்

ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லுக்கு வயர் இல்லாமல் புரோகிராம் ஏற்றப் பல வழிகள் உண்டு. ஆனால் ஒரு மாட்யூலை இன்னொரு மாட்யூலின் வழியாக, வைஃபையில், ஃபிளாஷ் செய்வதில் இருக்கும் நேர்த்தி தனி ரகம். அதை முழுசாகக் காட்டியது ஜீலேப்ஸ் பெயரில் வந்த ஈஎஸ்பி-லிங்க் என்ற ஃபர்ம்வேர். எழுதியவர் தார்ஸ்டன் ஃபான் ஐக்கன். இணைக் கணினிகளில் செய்திகள் வீண் தாமதமின்றிப் போய்ச்சேரும் வழியைச் சொன்ன 1992-ஆம் ஆண்டின் ‘ஆக்டிவ் மெசேஜஸ்’ ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் இவர்தான். அந்தக் கை 512 கேபி ஃபிளாஷ் மட்டுமே உள்ள மாட்யூலிலும் இறங்கியிருக்கிறது என்பதே ரசிகருக்கு ஒரு மகிழ்ச்சி.

ஈஎஸ்பி-லிங்க் ஆர்டுயினோவை ஃபிளாஷ் செய்யும், எல்பிசி800 வகை ஆர்ம் சில்லுகளையும் செய்யும். அவை இருக்கட்டும். அதன் உண்மையான அழகு தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஈஎஸ்பி8266-ஐ எழுப்பும்போதுதான் தெரிகிறது. இரண்டு மாட்யூலுக்கும் இடையே சீரியலுக்கு இரண்டு வயர், தரைக்கு ஒன்று. அவற்றோடு ரீசெட் பின்னுக்கும் ஜிபிஐஓ 0 பின்னுக்கும் தனித்தனியாக இரண்டு வயர். வித்தை முழுக்க அந்தக் கடைசி இரண்டில் இருக்கிறது.

ரீசெட் மேலே ஏறும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே சில்லு ஜிபிஐஓ 0-ஐப் பார்க்கிறது. அப்போது அது தாழ்ந்திருந்தால் சில்லு புதிய புரோகிராமை வாங்கும் டவுன்லோடு முறைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பின் என்ன ஆனாலும் கவலை இல்லை. ஆக, சில்லு கேட்பது வரிசையை. ஜிபிஐஓ 0 முதலில் இறங்க வேண்டும், ரீசெட் பிறகு ஏற வேண்டும். இடையில் ஐந்து மில்லிநொடி ஆனாலும் சரி, அரை நொடி ஆனாலும் சரி. டிசிபி நேரத்துக்கு உத்தரவாதம் தராது, வரிசைக்குத் தரும். சில்லின் தேவையும் நெட்வொர்க்கின் வாக்குறுதியும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

இந்த இடத்தில்தான் நோட்எம்சியு போர்டுகளின் புகழ்பெற்ற இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட் சறுக்குகிறது. ரீசெட்டையும் ஜிபிஐஓ 0-ஐயும் இழுக்கும் சீரியல் கட்டுப்பாட்டுக் கோடுகளான டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் ஒரே நேரத்தில் செயலில் இருந்தால் இரண்டு டிரான்சிஸ்டரும் அணைந்துவிடும். யூஎஸ்பியில் டிடிஆர், ஆர்டிஎஸ் கட்டளைகளுக்கு இடையே வரும் அந்த நிலை கண நேரத்தில் கடந்துபோகும். ரீசெட் மெதுவாக ஏறும்படி வைத்த கெப்பாசிட்டர் அதை மறைத்துவிடும். நெட்வொர்க்கில் அதே இரண்டு கட்டளைகளும் தனித்தனியாக, தாமதித்து வந்தால் ரீசெட் முதலில் ஏறிவிடும். ஜிபிஐஓ 0 அதற்குப் பிறகுதான் இறங்கும். சில்லு பழைய புரோகிராமையே ஓட்டத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடம் ஓடுகிறது, அடுத்த ஐந்து நிமிடம் அடம்பிடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் பலர் வைஃபையைத் திட்டுகிறார்கள். பழி அந்த டிரான்சிஸ்டர்களுடையது. டிரான்சிஸ்டரே வேண்டாம் என்று பின்களை நேராக இழுத்த வடிவமைப்பு எவ்வளவு தெளிவானது என்பது அப்போது புரியும்.

ஓடுகிற புரோகிராமே வைஃபை வழியாகப் புதியதை வாங்கிப் பதிக்கும் ஓடிஏ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுவருக்குள் மூடிய சுவிட்சுக்கு அதுதான் சரி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடிஏ ஓடுகிற புரோகிராமின் தயவில் வாழ்கிறது. புதியதையும் பழையதையும் ஒரே ஃபிளாஷில் அருகருகே வைக்க இடம் வேண்டும். வைஃபை இணைவதற்கு முன்பே புரோகிராம் செத்துவிட்டால் வாசல் அடைபட்டுவிடும். பக்கத்து மாட்யூல் தட்டுவது சில்லுக்குள்ளேயே பதிந்த ரோமின் கதவை. அந்த ரோமை யாராலும் அழிக்க முடியாது. புதிதாக எழுதிப் பழகும் மேஜையில் இந்த நிம்மதிக்கு ஈடு இல்லை.

இப்போது வருகிற வைஃபை சீரியல் பாலங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. முப்பது வரியில் ஒரு டிசிபி சாக்கெட்டைத் திறந்து பைட்டுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் எங்கே போயின? பட்டனை அமுக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் நெட்வொர்க் எதற்கு? நெட்வொர்க்கில் உள்ள மோடம்கள் வழியாக வெளியே டயல் செய்வதற்கென 1997-இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 2217 இதற்கெல்லாம் வழி வகுத்திருக்கிறது. பாட் வேகம் மாற்றுவது, கட்டுப்பாட்டுக் கோடுகளை ஏற்றி இறக்குவது எல்லாம் அதில் உண்டு. பைத்தானின் சீரியல் நூலகமான பைசீரியல் அதைப் பேசும், அதனால் அதை நம்பி ஓடும் ஃபிளாஷ் கருவியான ஈஎஸ்பிடூலும் பேசும். ஈஎஸ்பிடூலின் கூடவே ஒரு ஆர்எஃப்சி 2217 சர்வரும் வருகிறது. இருந்தும் படிக்க ஆள் இல்லை.

ஃபிளாஷ் தொடங்கும்போது கன்சோலில் கவனித்துப் பார்க்க வேண்டியது முதல் வாழ்த்துதான். ஈஎஸ்பிடூல் அனுப்பும் சிங்க் பொட்டலத்தின் கடைசி 32 பைட்டுகளும் பதினாறடிமானத்தில் 55. அதாவது ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும் சீரான துடிப்பு. எதிர்ப்பக்கச் சில்லு பாட் வேகத்தைக் கணிப்பதற்கு அதைவிடத் தோதான அலை கிடையாது. பதில் வந்ததும் ரோமுக்குப் பதிலாக வேலை செய்யும் ஸ்டப் என்ற சிறு புரோகிராம் சில்லின் நினைவகத்தில் ஏறுகிறது. ரோம் 1 கேபி கட்டிகளாக வாங்கும் இடத்தில் ஸ்டப் 16 கேபி கட்டிகளாக, சுருக்கிய தரவாகவே வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டிக்கும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டிய நெட்வொர்க்கில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஸ்டப்பை அணைத்துவிட்டு ஒருமுறை ஏற்றிப் பார்த்தவர் மறுபடி அணைக்க மாட்டார்.