ஹோம் தியேட்டர் ரிசீவர்: வாட் கணக்கு மீதான விமர்சனம்

ஹோம் தியேட்டர் ரிசீவர் என்பது ப்ளூ-ரே இயக்கி, விளையாட்டுக் கருவி முதலியவற்றிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வாங்கி, படத்தைத் தொலைக்காட்சிக்கும், ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்பும் கருவியாகும். இதை வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை. தேர்வுக்கு மிகக் குறைவாக உதவுவதும் அந்த எண்தான்.

'சேனலுக்கு 150 வாட்' என்பது பல நேரங்களில் 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில், ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 10 விழுக்காடு திரிபை அனுமதித்து அளந்ததாக இருக்கும். அந்த அளவு திரிபில் பாட்டு உடைந்து கேட்கும். அதே கருவியை 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை இயக்கி அளந்தால் 80 வாட் அளவுக்கு இறங்கிவிடலாம். ஏழு சேனலும் சேர்ந்து உழைத்தால் இன்னும் குறையும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஒரே மின்மாற்றி. கேசட் பிளேயர்களில் ஆயிரக்கணக்கான வாட் 'பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டி விற்ற காலத்தின் மிச்சம் இது. அமெரிக்க வணிக ஆணையம் பெருக்கிகளின் வாட் விளம்பரத்துக்கு 1974இலேயே விதி வகுத்தது. 2024இல் அதைத் திருத்தி அளவீட்டு நிபந்தனைகளை இறுக்கியது.

எண் உண்மையாகவே இருந்தாலும் பயன் சிறிது. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 1 டெசிபலுக்கும் குறைவு. காது அதைக் கண்டுபிடிப்பது அரிது. அந்த 20 வாட்டுக்காகத்தான் பலர் அடுத்த மாடலுக்குப் போகிறார்கள்! ஒலிபெருக்கியின் உணர்திறனோ நேராகக் கைகொடுக்கிறது. 88 டெசிபல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கி 60 வாட்டில் தரும் சத்தத்தைப் பெற, 85 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 120 வாட் வேண்டும். ஆகவே ஒலிபெருக்கியை முதலில் முடிவு செய்து, அதன் ஓம் மதிப்பைத் தாங்கும் ரிசீவரைத் தேடுவதே சரியான வரிசை. கடைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே சொல்கின்றன.

சேனல் எண்ணிக்கையும் இத்தகையதே. சிறிய கூடத்தில் ஐந்து ஒலிபெருக்கிக்கே இடம் போதாதபோது, 9 சேனல் ரிசீவரில் நான்கு சேனல்கள் சும்மா கிடக்கும். அந்தப் பணத்தில் நல்ல சப்வூஃபர் வாங்கலாம்.

இணைப்புகளில் மட்டும் கண்டிப்பு தேவை. எச்டிஎம்ஐ 2.1 உண்டு என்று சொல்லி விற்ற சில ரிசீவர்கள், 2020 இறுதியில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வந்தபோது அதன் 4கே, 120 ஹெர்ட்ஸ் படத்தைக் கடத்த முடியாமல் கறுப்புத் திரை காட்டின. பதிப்பு எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், எந்தத் துளை எவ்வளவு கடத்தும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து இழப்பற்ற பல சேனல் ஒலியைக் குறைவின்றித் திரும்பப் பெற இ-ஆர்க் வசதி இரு கருவிகளிலும் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி இருபது ஆண்டு உழைக்கும். ரிசீவரைப் பழையதாக்குவது இந்தத் துளைகள்தாம்.